நல்ல வெட்டு

வரலாற்றுப் பேராசிரியர் வருகையைப் பெயர் சொல்லி எடுப்பதில்லை. எண் சொல்லித்தான் எடுப்பார். முப்பத்தேழு என்றார். முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து உட்கார்ந்தான். அடுத்து முப்பத்தொன்பது என்றார். இடையில் வரவேண்டிய எண்ணுக்காக எழ முற்பட்ட புஷ்பமேரி, பாதி எழுந்த நிலையிலேயே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார், முப்பத்தெட்டு விட்டுப்போச்சு.”

அவர் ஏட்டைப் பார்த்தார். மாணவிகளை நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூச்சப்படும் மலையாளி அவர். “விட்டதல்ல குட்டி. அந்த நம்பர் வெட்டியிருக்கு. ஆபீஸில் போய்ச் சோதிக்கணும், கேட்டுக்கோ” என்று ஏட்டிடமே சொல்லிவிட்டு, நாற்பது என்றார்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும்.

1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் அது. ஜூலைத் தொடக்கத்தில் டைபாய்டு கண்டு விடுதியின் நோயாளி அறையில் கிடந்தவளை, தந்தி கண்டு வந்த தந்தை மிக்கேல் போர்வையில் சுற்றி ஊருக்கு அழைத்துப் போயிருந்தார். ஊர் என்பது சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஓர் அறை. ஏழு வாரம் கஞ்சியும் ஊசியுமாகக் கழிந்தன. முடி கொட்டிப் போன தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு, முந்தின நாள் மாலைதான் அவள் பாலக்காட்டுக்குத் திரும்பி, சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டில் தங்கி, காலையில் நேரே வகுப்புக்கு வந்திருந்தாள்.

இந்தக் கல்லூரியில் அவள் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு சலுகை. முந்தைய ஆண்டு மதுரையில் கன்னியர் மடத்தின் உதவியால் ப்ரீ-யுனிவர்சிட்டி முடித்தாள். பி.ஏ.வுக்கு அந்த உதவி நீளவில்லை. கேரளம் தனி மாநிலமான பிறகு, பிற்பட்டோருக்கான கட்டணச் சலுகை கேரளத்துக் கல்லூரிகளில் மட்டுமே அவளுக்குக் கிடைக்கும் என்றார்கள். சலுகை போக மீதியைக் கட்டுவதற்கும் விடுதி முன்பணத்துக்கும் மிக்கேல், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் பாஸ்கல் கங்காணியிடம் கை நீட்டினார். கங்காணி கொடுத்த பணத்துக்குப் பிணை மிக்கேலின் உழைப்பும் அவர் மனைவியின் உழைப்பும்தான். வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. மகள் பி.ஏ. தேறி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக அமர்ந்தால் அந்தக் கடன் தீரும். அமராவிட்டால் தீராது. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

அலுவலகத்தில் தலைமை எழுத்தர் சிவராமகிருஷ்ணன் பொடி டப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். அவர் வாய்க்குப் பயந்தே மாணவர்கள் கட்டணத்தை உரிய நாளில் கட்டிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

“ஓ, டைபாய்டு குட்டியா. எழுந்து நடமாடறயா? பகவான் புண்ணியம். என்ன வேணும்?”

“சார், கிளாஸ்ல என் நம்பரைக் கூப்பிடலை.”

“கூப்பிட மாட்டா. பேர்தான் வெட்டியாச்சே.”

“யார் சார் வெட்டினது?”

“நான்தான். இந்த ஆபீஸ்ல சிவப்பு மசி நேக்கு மாத்திரம்தானே சப்ளை.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவர் டப்பியைக் கீழே வைத்தார். “வெட்டச் சொன்னது உன் அப்பாவாக்கும். நோக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாது.

“நீ சிக் ரூம்ல பிரக்ஞையில்லாம கெடந்தயே, அன்னிக்குத்தான். துண்டைக் கக்கத்துல இடுக்கிண்டு இதோ இந்த இடத்துல நின்னார். ‘மக பேர வெட்டிருங்க சாமி’ன்னார். ‘வெட்டிடட்டுமா’ன்னு கேட்டேன். ‘வெட்டிருங்க, ஆனா நல்லபடியா வெட்டிருங்க’ன்னார். நல்லபடியா வெட்டறதாவது, கெட்டபடியா வெட்டறதாவது. எங்கிட்ட ஒரு வெட்டுதான் இருக்கு. வெட்டினேன். காஷன் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கும்பிட்டுட்டுப் போனார்.”

“சார், கட்டின டேர்ம் ஃபீஸ்?”

“அது திரும்பாது. பேர் வெட்டினா டெபாசிட் ஒண்ணுதான் திரும்பும். ஃபீஸ் திரும்பாது, கன்செஷனும் அன்னியோட தீர்ந்தது. திரும்பச் சேரணும்னா முழு வருஷத்துக்கும் முழு ஃபீஸ், அபராதம் வேற.”

“அப்ப வேற காலேஜுக்குப் போறேன் சார். டி.சி. கொடுங்க.”

“நடுவுல போறவா பாக்கி ரெண்டு டேர்மையும் கட்டிட்டுத்தான் டி.சி. வாங்கணும். ரூல் அப்படி.” அவர் தம் வழக்கப்படி ஒரு வேடிக்கையைச் சேர்த்தார். “வரதுக்கும் பணம், போறதுக்கும் பணம். நிக்கறதுக்கு மாத்திரம் பணமில்லே. நின்னுக்கோ.”

அவள் உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தாள். மேசை விளிம்பை அவள் இரு கையாலும் பற்றியிருப்பதைக் கண்டதும் அவருக்குத் தாம் சொன்னது பிடிக்காமல் போயிற்று.

“இங்க பாரு குட்டி, உக்காரு. லீவுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்து, டாக்டர் சர்ட்டிபிகேட் வச்சிருந்தா சீட்டும் இருந்திருக்கும், கன்செஷனும் இருந்திருக்கும். ஒரு வார்த்தையில வந்த வினை. இப்போ நேக்கு நிவர்த்தியில்லே. பிரின்சிபால் நினைச்சா உண்டு. திங்கட்கிழமை மத்தியானம் பட்டியல் யுனிவர்சிட்டிக்குப் போறது. அதுக்கு முன்னாடி, வெட்டச் சொன்னவரே நேர்ல வந்து, தான் கேட்டது அது இல்லேன்னு சொல்லணும். நீ சொன்னா எடுபடாது.”

அன்று வியாழன்.

தகரப் பெட்டியைக் கேட்டு அவள் விடுதிக்குப் போனாள். அவளுடைய கட்டிலில் வேறொரு பெண்ணின் படுக்கை விரித்திருந்தது. பெட்டி சமையற்கட்டில், விறகுக்குப் பக்கத்தில் இருந்தது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சமையல் செய்யும் சுப்பாத்தாள் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

“வாங்கண்ணு. உன்ற கட்டல்ல வேற புள்ளைய உட்டுப் போட்டாங்க. நாந்தான் பொட்டிய இங்க தூக்கியாந்து வெச்சேன். எலி கிலி நாசம் பண்ணிப்போடுமேன்னு.”

“அப்பா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா அக்கா?”

“சொன்னாருங் கண்ணு. ‘பேர வெட்டிட்டனுங்க, புள்ளைக்குச் சொகமானதும் வந்து மறுக்காப் போட்டுக்குவோம், பொட்டி இருக்கட்டும்’னாரு. அதுக்கென்னங், செரின்னேன்.” சுப்பாத்தாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். “ஏங்கண்ணு, மறுக்காப் போடறதில்லீங்களா இங்க?”

புஷ்பமேரி பெட்டியை அங்கேயே விட்டு, சாக்கை மீண்டும் இழுத்து மூடினாள். சுப்பாத்தாள் வாழையிலையில் கட்டிக் கொடுத்த சோற்றோடு அன்று மாலையே பேருந்து ஏறினாள். கோபாலபுரம், பொள்ளாச்சி, பழனி, போடி. அங்கிருந்து, போடியில் ஏலச் சாக்கு இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும் ஒரு லாரி. மறுநாள் பொழுது சாயும் வேளையில் லயத்து வாசலில் அவள் வந்து நின்றபோது, தாய் இன்பமேரி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து அப்போதுதான் வந்து, ஏலக்காய் வாசம் போகக் கையைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிக்கேல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன தாயி, அதுக்குள்ள வந்துட்ட? மறுபடியும் காய்ச்சலா?”

“எப்பா, காலேஜ்ல எம் பேர வெட்டச் சொன்னீகளா?”

“சொன்னேன்.” அவர் குரலில் ஒரு நிறைவு இருந்தது. “நல்லபடியா வெட்டித் தந்தாக. அந்தச் சாமி தங்கமான மனுசன். காசனு பணத்தையும் கையோட குடுத்துட்டாக. அதுலதான ஒனக்குப் போடியில ஊசி போட்டது.”

இன்பமேரி சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். “என்னத்த வெட்டுன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல? ஒனக்கு மஞ்சக்காமால வந்தப்ப யாக்கோபு கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லி ஒம் பேர வெட்டலியா? எந்திரிச்சப்புறம் திரும்பப் போடலியா?”

அவர் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. அது அந்தத் தோட்டத்து நடைமுறை. தொழிலாளர் பெயரேடான செக்ரோலில் பெயர் இருக்கும்வரை வராத நாள் ஒவ்வொன்றுக்கும் ஆப்சென்ட் விழும். ஆப்சென்ட் சேர்ந்தால் கணக்கப்பிள்ளையே பெயரை வெட்டுவார். அதற்குக் கெட்ட வெட்டு என்று பெயர். கெட்ட வெட்டு வாங்கியவனுக்கு வேறு எந்தத் தோட்டத்திலும் வேலை கிடைக்காது; லயத்து அறையும் போகும். படுக்கையில் விழுந்தவன் அதற்கு முந்திக்கொண்டு, தானே ஆள் அனுப்பி வெட்டச் சொல்லிவிட்டால் அது நல்ல வெட்டு. சேரவேண்டிய பாக்கியைக் கையில் கொடுப்பார்கள். உடம்பு தேறி வந்து நின்றால் பழைய இடத்திலேயே பெயர் ஏறும். மானமுள்ள தொழிலாளி நல்ல வெட்டுத்தான் கேட்பான். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த மகளின் தலைமாட்டில், நாள்தோறும் வகுப்பில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழுகிறது என்று விடுதியில் யாரோ சொன்னதும், மிக்கேல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார்.

“ஒம் பேருக்கு நேரா ஒரு கறுப்பு விழக் கூடாதுன்னுதான் தாயி.”

அவள் கல்லூரியில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளைச் சொன்னாள். கோபப்படாமல் சொல்ல முயன்றாள்; முடியவில்லை. கட்டியது திரும்பாது, சலுகை போயிற்று, சான்றிதழும் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது மிக்கேல் தீட்டிய கத்தியின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். இன்பமேரிதான் பேசினாள்.

“ஏலச்செடிய வெட்டுனா அடியில இருந்து முளைக்கும்னு நெனச்சிட்ட. அங்க போயி என்னத்த முளைக்க வச்ச? கங்காணி பணம் போச்சு. அவ படிப்பும் போச்சு. வெட்டுன கை வலிக்கலியா ஒனக்கு?”

“சும்மா இரும்மா. இன்னும் போகலை. திங்கட்கிழம மத்தியானம் வரைக்கும் நேரமிருக்கு. அப்பா வந்து சொன்னாப் போதும்.”

“வாறேன். கால்ல விழுந்தாவது போடச் சொல்லுதேன்.”

“கால்ல விழ வேண்டாம்ப்பா. வெட்டச் சொல்லலைன்னு சொல்லுங்க.”

மிக்கேல் குழப்பத்தோடு பார்த்தார். “சொன்னேனே தாயி. சொன்னத எப்படிச் சொல்லலைன்னு சொல்ல?”

“நீங்க நெனச்சது வேறதான? நெனச்சதச் சொல்லுங்க.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார். “நெனச்சதச் சொல்லுதேன்.”

ஞாயிறு பூசைக்குப் போகாமல் புறப்பட்டார்கள். பேருந்துக்கான காசை இன்பமேரி ஸ்டோரில் யாரிடமோ வாங்கி வந்தாள். யாரிடம் என்று இருவரும் கேட்கவில்லை. திங்கள் விடியற்காலை மாநில எல்லையான கோபாலபுரத்தில் பேருந்து சோதனைக்கு நின்றது. கட்டுகளையும் கூடைகளையும் பார்த்துக்கொண்டு போலீசார் உள்ளே வந்துபோகும் நேரம் முழுவதும் புஷ்பமேரி தந்தைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். லீவு. லீவு என்பதுதான் சொல். மகளுக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான்.

“லீவுன்னு எனக்கு எங்குட்டு வாயில வரும்?” மிக்கேல் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “லீவு தொரைக்கும் ஆபீஸ் ஸ்டாப்புக்கும் உள்ளது. நமக்கு ஏது லீவு? நமக்கு ஒண்ணு ஆப்சென்ட்டு, இல்லாட்டி வெட்டு. ரெண்டுல நல்லதத்தான் கேட்டேன்.”

தனக்கும் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்தச் சொல் பழகியது என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை. பேருந்து கிளம்பியதும் மீண்டும் சொல்லிக் கொடுத்தாள். சித்தூர் தாண்டும்போது அவர் தானாகவே ஒரு முறை தெளிவாகச் சொன்னார்: “மகளுக்கு லீவு கேட்டேங்கய்யா.” அவள் முகம் மலர்ந்தது. ஏழு வாரங்களில் அவர் கண்ட முதல் மலர்ச்சி அது.

சிவராமகிருஷ்ணன் அவர்களை அலுவலகத்துக்குள் விடாமல் தாழ்வாரத்திலேயே நிறுத்தினார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“இதோ பாரும் மிக்கேல். நான் ஆலோசிச்சுட்டேன். நீர் அன்னிக்கு லீவுதான் கேட்டீர். நேக்குக் காது மந்தம். நீர் ஏதோ சொல்ல, நான் வெட்டுன்னு கேட்டுண்டு வெட்டிட்டேன். டெபாசிட்டை நானா எடுத்துக் கொடுத்தேன், நீர் என்னவோ ஏதோன்னு வாங்கிண்டீர். தப்பு எங்கிட்ட. உள்ளே கேட்டா லீவுன்னு ஒரு வார்த்தை சொல்லும், போறும். பாக்கியை நான் பேசிக்கறேன்.”

புஷ்பமேரிக்குக் கண்ணில் நீர் வந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போல மூக்கை உறிஞ்சினார்.

மிக்கேல் கேட்டார்: “அப்ப சாமிக்கு ஒண்ணும் ஆகாதா?”

“நேக்கென்ன ஆகும்? ஒரு கறுப்பு வைப்பார். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் வச்சுண்டேதான் இருக்கா.” வேலை முடிந்துவிட்டது என்ற தெம்பில் அவருக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது. “இன்னும் ஒண்ணு விழுந்தா என் பேரையே வெட்டிடுவா. சாரமில்லே, போனாப் போறது. கல்பாத்தியில தேரைப் பார்த்துண்டு சும்மா உக்காந்திருப்பேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். புஷ்பமேரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மிக்கேல் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் அப்போது பிரின்சிபாலின் மணி அடித்துவிட்டது.

பிரின்சிபால் திருவனந்தபுரத்திலிருந்து அந்த ஆண்டுதான் வந்தவர். மிக்கேலை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மிக்கேல் உட்காரவில்லை. எழுத்தர் தம் காதின் குறையைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாகவே எடுத்துரைத்தார். பிரின்சிபால் அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, விதியைத் தெளிவாகச் சொன்னார். அலுவலகத்தின் பிழையானால் அவரே திருத்தலாம். பட்டியல் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. இடமும் சலுகையும் பழையபடி கிடைக்கும். பெற்றோரே கேட்டு வெட்டியதானால் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே ஒரே ஒரு கேள்விதான் என்று சொல்லி, மிக்கேலின் பக்கம் திரும்பி, மெதுவான மலையாளத்தில் கேட்டார். அன்றைக்கு நீங்கள் கேட்டது என்ன?

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மிக்கேல் முதலில் மகளைப் பார்த்தார். அவள் உதடுகள் ஓசையின்றி அந்தச் சொல்லின் வடிவத்தைக் காட்டின. பிறகு அவர் எழுத்தரைப் பார்த்தார்; அவருடைய நரைத்த குடுமியையும், மசி படிந்த விரல்களையும், கிழிந்து தைத்த கோட்டின் கைப்பகுதியையும் பார்த்தார். கெட்ட வெட்டு வாங்கிய ஒருவன் மூட்டையோடும் பிள்ளைகளோடும் லயத்தை விட்டு இறங்கிப் போவதை அவர் தம் வாழ்நாளில் பலமுறை கண்டிருந்தார்.

“அய்யா, சாமிமேல குத்தமில்ல. நாந்தான் வெட்டச் சொன்னேன். அவுக வெட்டட்டுமான்னு கேட்டாக. நாந்தான் வெட்டுங்கன்னேன். அவுக பேருக்குக் கறுப்பு வச்சிராதீக. பிள்ளகுட்டிக்காரவுக.”

“அப்பா” என்றாள் புஷ்பமேரி. உரக்கச் சொல்லவில்லை.

எழுத்தர் தரையைப் பார்த்தார். பேனாவைக் கையில் எடுத்திருந்த பிரின்சிபால் அதை மூடி வைத்தார். அந்தச் சிறு அசைவு முடிவதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக, மூச்சு வாங்க, தோட்டத்தில் வெட்டு என்றால் என்ன என்று சொன்னாள். நல்ல வெட்டையும் கெட்ட வெட்டையும் சொன்னாள். தாய்க்கு மஞ்சட்காமாலை வந்ததையும் பெயர் திரும்ப ஏறியதையும் சொன்னாள். தந்தை கேட்டது விலக அல்ல, திரும்பி வருவதற்காக என்றாள். பிரின்சிபால் இடையில் நிறுத்தாமல் கேட்டார். நியாயம் என்றும் சொன்னார். ஆனால் இந்த அறையில் மூன்று பேர் முன்னால் தந்தை சொன்ன வாக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தம் காதில் விழாததாக எழுத முடியாது. அடுத்த ஜூனில் வரட்டும். முழுக் கட்டணத்தில் இடம் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

“சார், அப்படின்னா கட்டின டேர்ம் ஃபீஸையாவது திருப்பித் தாங்க. மூணு வாரந்தான் வகுப்புக்கு வந்தேன். வராத நாளுக்கு எடுத்த பணம் அது. அதைக் கொடுத்தா கடன்காரருக்குக் கொடுப்பேன்.”

கட்டணம் நாளுக்கு அல்ல, இடத்துக்கு என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். அவள் வராத நாட்களிலும் அந்த இடம் அவளுக்காகவே காலியாக இருந்தது. தோட்டத்தில் வராத நாளுக்குக் கூலி கிடையாது; இங்கே வராத நாளுக்கும் கட்டணம் உண்டு. அவளுக்கு அந்த ஒப்பீடு உடனே தோன்றியது, அதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தோன்றியது. அவர் மணியை அழுத்தினார். பட்டியல் ஓர் உறைக்குள் போயிற்று.

தாழ்வாரத்தில் எழுத்தர் மிக்கேலின் முன்னால் வந்து நின்றார்.

“ரெண்டெழுத்து, மிக்கேல். ரெண்டே எழுத்து. வாயில வச்சுண்டு உள்ளே போனீர், அதையும் முழுங்கிட்டு வந்தீரே.”

“ஒங்க பேர வெட்டிருவாகன்னு சொன்னீகளே சாமி.”

“அது தமாஷய்யா. வெறும் தமாஷ். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு நான் இங்கே வந்து. என் பேரை யார் வெட்டுவா?”

மிக்கேல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தமாஷ் என்ற சொல் அவருக்குத் தெரியும். பெயரைப் பற்றி ஒருவர் தமாஷ் செய்யக் கூடும் என்பது அவருக்குப் புதிது. சிவராமகிருஷ்ணன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொடி டப்பியைத் திறந்தார். ஒன்றும் எடுக்காமல் மூடினார். பிறகு அலுவலகத்துக்குள் போய்விட்டார். பிற்பகல் முழுவதும் அவர் யாரையும் வேடிக்கை செய்யவில்லை என்று பியூன் பின்னால் சுப்பாத்தாளிடம் சொன்னான்.

தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார்கள். மிக்கேல் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று புஷ்பமேரி பலமுறை வாய் திறந்தாள். திட்டுவதற்கு ஒரு சொல் கிடைத்தபோதெல்லாம், மின்விசிறியின் கீழே நின்று அவர் எழுத்தரைப் பார்த்த பார்வை குறுக்கே வந்தது. கோபம் குறையவில்லை, போவதற்கு இடமில்லாமல் உள்ளேயே கிடந்தது.

போடி மலையில் ஏறும்போது மிக்கேல் சொன்னார்: “நா எம் பேர வெட்டச் சொல்லிருதேன். பி.எப். பணம் கொஞ்சம் வரும்லா. அதக் கட்டிரலாம்.”

“வெட்டிட்டா எங்க இருப்பீக? லயம் போயிரும். கங்காணி விடுவாகளா?”

அவர் மடியிலிருந்த பெட்டியை இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

“அது எவ்வளவுப்பா வரும்? டி.சி. வாங்கக்கூடக் காணாது.” அவள் சொன்னாள்: “உங்க பேரு இருக்கட்டும்.”

புதன்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தொழிலாளர்கள் ஸ்டோர் முற்றத்தில் கூடியிருந்தார்கள். பனிமஞ்சு முட்டிக்குக் கீழே கிடந்தது. யாக்கோபு கணக்கப்பிள்ளை கால்சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டு, ஏலச் சாக்கின்மேல் செக்ரோலை விரித்து வைத்துக்கொண்டு பெயர் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் இன்பமேரிக்குப் பின்னால் புஷ்பமேரி நின்றாள். முக்காட்டின்மேல் தாயின் கம்பளிக் கொங்காணியை மாட்டியிருந்தாள்.

“என்ன, பி.ஏ. அம்மா, கூட்டத்துல வழி தவறிட்டீகளா?” என்றார் யாக்கோபு. வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள்.

“பேர் போடுங்க, அண்ணாச்சி.”

“நிசமாவா?”

“கங்காணி கடன் கொஞ்சமாச்சும் அடையட்டும். ஜூன் மாசம் வரைக்கும் போடுங்க. அப்புறம் வெட்டிக்கலாம்.”

“ஜூன்ல வெட்டுனா நல்ல வெட்டுத்தான்.” யாக்கோபு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏட்டைப் புரட்டி, பெண்கள் பக்கத்தின் அடியில் ஒரு வெற்று வரியைக் கண்டார். “புஷ்பமேரி, மிக்கேல் மக. கூலி புதுப்பேரு கூலிதான். அவ்வளவுதானம்மா?”

ஆண்கள் வரிசையிலிருந்து மிக்கேல் விலகி வந்தார். சாக்கின் அருகே வந்து, ஏட்டை நெருங்காமல், ஓர் எட்டு தள்ளியே நின்றார்.

“கணக்கப்பிள்ள, பென்சில்ல போடுங்க.”

“செக்ரோல்ல பென்சில் ஏதுடே, மிக்கேலு?” என்றார் யாக்கோபு. மைக்கூட்டின் மூடியைத் திருகித் திறந்து, கட்டைப் பேனாவை உள்ளே விட்டு எடுத்தார். அதிகப்படி மையை விளிம்பில் உதறினார். பின்னால் வரிசை நகரத் தொடங்கியிருந்தது.